மான் பருவத்தில் சம்பந்தி வீடு: விஸ்கான்சினில் பத்து நாட்கள்

நவம்பர் 21, வியாழன்

மகள் வீடு இருக்கும் மாடிசனிலிருந்து 14ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம். மகள்தான் ஓட்டினாள். ஸ்பிரிங் கிரீன் தாண்டியதும் சமதரை முடிந்து, பாதை குன்றில் ஏறுவதும் பள்ளத்தாக்கில் இறங்குவதுமாக வளைய ஆரம்பித்தது. பனியுகத்தில் பனிப்பாறைகள் சுற்றுவட்டாரத்தையெல்லாம் தேய்த்துத் தட்டையாக்கியபோது, இந்தத் தென்மேற்கு மூலையை மட்டும் தொடாமல் போயிருக்கின்றன. அதனால்தான் இந்தக் குன்றுகள் இன்னும் குன்றுகளாக இருக்கின்றன. இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஓக் மரங்கள் மட்டும் காய்ந்த பழுப்பு இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வழியில், கார் ஓட்டாமல் பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் இரண்டு எதிரே வந்தன. மகள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி வழிவிட்டாள்.

விரோக்வா என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு மேட்டின் மேல் சம்பந்தி வீடு. கல்யாணத்துக்கு அவர்கள் காரைக்குடி வந்திருந்தார்கள். நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி" என்று தமிழிலேயே சொன்னார். மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரொட்டி வேகிற வாசனையும் விறகுப் புகை வாசனையும் கலந்து வந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். துணி உலர்த்துகிற மின் இயந்திரம் நிலவறையில் இருக்கிறதாம். "அடுப்பு எப்படியும் எரியுதே, கரண்டை எதுக்குச் செலவழிக்கணும்? இந்த ஈரத்தால் வறண்ட காற்றும் கொஞ்சம் பதமாகும்" என்றார். குளிர்காலம் முழுக்க இப்படித்தானாம்.

இன்றைக்கு இவ்வளவுதான். தூக்கம் கண்ணைச் சொருகுகிறது.

நவம்பர் 22, வெள்ளி

நாளைக் காலை மானைத் துப்பாக்கியால் வேட்டையாடுகிற பருவம் தொடங்குகிறது. நன்றி சொல்லும் திருநாளான தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு முந்தைய சனியில் ஆரம்பித்து 9 நாட்கள். இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல் உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். காலையில் மளிகை வாங்கப் போனபோது பெட்ரோல் பங்க், கடை, சாப்பாட்டுக்கடை என்று எங்கே திரும்பினாலும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். ஊரே திருவிழாவுக்கு மஞ்சள் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆனால் நான் எழுத நினைப்பது துப்பாக்கியைப் பற்றியல்ல, சம்பந்தியம்மாவின் சமையலறையைப் பற்றி.

மாப்பிள்ளை அக்டோபரில் வில் அம்பு வைத்து ஒரு மான் அடித்திருந்தார். வில் பருவம் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். அந்தக் கறியை இத்தனை நாள் உறைபெட்டியில் வைத்திருந்து இன்றைக்குத்தான் ஜாடியில் போட்டார்கள். ஏன் இத்தனை நாள் என்றால், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். இங்கே மான்களிடம் ஒரு கொடிய நோய் பரவியிருக்கிறது. மூளையைத் தாக்கி, மான் எலும்பும் தோலுமாக மெலிந்து செத்துப்போகும். விஸ்கான்சினில் 2002இல் முதலில் கண்டுபிடித்தார்கள். கிருமி என்றால்கூடச் சமைத்தால் செத்துவிடும். இது உருமாறிய ஒரு வகைப் புரதத்தால் வருகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை தெரியவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் பேச்சு. அதனால் மானின் தலையைக் கழுத்தோடு வெட்டி, சாலையோரம் வைத்திருக்கும் பெட்டியில் சீட்டெழுதிப் போட்டுவிட்டு வருகிறார்கள். அரசாங்கம் காசு வாங்காமல் சோதித்துச் சொல்கிறது. "இல்லை" என்று முடிவு வந்த பிறகுதான் இந்த வீட்டில் கறி அடுப்பேறும்.

சம்பந்தியம்மா கறியைச் சதுரத் துண்டுகளாக வெட்டினார். சவ்வு, கொழுப்பு எதுவும் இல்லாமல் அத்தனை சுத்தமாக எடுத்தார். அரை லிட்டர் கண்ணாடி ஜாடிகளில் பச்சையாகவே அடைத்து, மேலே ஒரு அங்குலம் இடம் விட்டு, அரை ஸ்பூன் உப்பு. தண்ணீர் ஊற்றவில்லை. கறியே தண்ணீர் விட்டுக்கொள்ளுமாம். வாயை ஈரத்துணியால் துடைத்து, தட்டு மூடியை வைத்து, அதன் மேல் திருகு வளையத்தை விரல் நுனியால் மட்டும் இறுக்கினார். ஜாடியும் வளையமும் வருஷக்கணக்காக உழைக்கின்றன. ரப்பர் ஓரம் உள்ள தட்டு மூடி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. "எல்லாத்திலும் மிச்சம் பிடிப்பேன், இதில் மட்டும் மாட்டேன்" என்றார்.

அப்புறம் அந்தப் பெரிய குக்கர். நம் வீட்டுக் குக்கரின் பெரியப்பா மாதிரி ஒன்று, சுவரெல்லாம் கனத்த அலுமினியம். 10 நிமிடம் ஆவியை வெளியே விட்ட பிறகு வெயிட் போட்டார். இந்த வீடு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அதனால் 10 பவுண்டு அழுத்தம் போதாது, 15 வேண்டும். அழுத்தம் ஏறிய நிமிடத்திலிருந்து 75 நிமிடம். நடுவில் அழுத்தம் இறங்கினால் முதலிலிருந்து மறுபடியும் 75 நிமிடம். நாம் விசிலை எண்ணுகிறோம், அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டார். வெறும் கொதிநீரில் வைத்தால் கறி கெடாமலிருக்காது, காற்றில்லாத ஜாடிக்குள் உயிரைக் குடிக்கும் நஞ்சு உண்டாகும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது என்றார். அந்த ஒன்றேகால் மணி நேரமும் அவர் எழுந்திருக்கவே இல்லை.

இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேடையிலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம். ஜாடி ஆறி, மூடி உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம். சம்பந்தியம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஒரு விரல் நீட்டினார். அப்புறம் இன்னொரு டிங். இரண்டாவது விரல். படுக்கப் போகும்போது 7 ஜாடியும் பேசிவிட்டன.

நவம்பர் 23, சனி

விடியற்காலை 4 மணிக்கே வீட்டில் விளக்கெரிந்தது. சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் சுடத் தொடங்கலாம். அதற்குள் இருட்டோடு இருட்டாகப் போய் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். சம்பந்திக்கு 71 வயது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஆரஞ்சு மேல்சட்டை, முழங்கையில் ஒட்டுப்போட்டது. காலுறைக்கு மேல் ரொட்டி வந்த நெகிழிப்பையை மாட்டி, அதோடு பூட்ஸுக்குள் காலை நுழைத்தார். ஈரம் இறங்காதாம். இடுப்புக்கு மேலே உள்ள உடையில் பாதிக்குக் குறையாமல் ஆரஞ்சோ பளீர் ரோஜா நிறமோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ரோஜா நிறத்தை 2016இல் சேர்த்தார்கள். மகள் அந்த நிறத்தில்தான் ஒன்று வைத்திருக்கிறாள். அவள் சுடுவதில்லை. கோழிக்குத் தீனி வைக்க வெளியே போகும்போது போட்டுக்கொள்கிறாள். எனக்கும் ஒரு ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

முதல் வெடிச்சத்தம் ஆறே முக்காலுக்குக் கேட்டது. எங்கோ அடுத்த பள்ளத்தாக்கில். அப்புறம் தூரத்தில் இன்னொன்று. சம்பந்தியம்மா ஜன்னலோரம் நின்றபடியே காபியைக் குடித்தார். நாற்பத்தைந்து வருஷமாக இப்படித்தான் நிற்கிறாராம். "குண்டுச் சத்தம் பயமில்லை. மரத்து மேல இருந்து விழுந்திடுவாரோங்கிறதுதான் பயம்." மரத்தில் கட்டிய பரணில் உட்காருபவர்கள் இடுப்பில் வார் மாட்டாமல் ஏறி விழுந்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற விபத்து. போன வருஷத்திலிருந்து சம்பந்தியைத் தரையில்தான் உட்கார வைக்கிறார்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. ஒரு பெண்மான்.

கொட்டகை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்ததைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைவால் மான். வால் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை. கண் திறந்தே இருந்தது. சம்பந்தி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார். யாருக்காகவும் செய்ததல்ல. நான் வாசலில் நிற்பதே அவருக்குத் தெரியாது.

நவம்பர் 24, ஞாயிறு

அக்கா தேவகோட்டையிலிருந்து போன் செய்தாள். "மானைப் போயா அடிக்கிறாக? பாவமில்லையாடி?"

நேற்று ராத்திரி எனக்கும் அதே கேள்விதான். நம் நாட்டில் 1972 சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது அப்படித்தான் இருக்க வேண்டும், நம்மிடம் மிச்சமிருப்பதே கொஞ்சம். இங்கே கதை வேறு. இந்தத் தெற்குப் பகுதியில் மானைத் தின்ன ஓநாய்க் கூட்டம் கிடையாது. மான் பெருகி ஓக் கன்றுகளை முளையிலேயே கடித்துவிடுகிறது. சோளக்கொல்லையை மேய்கிறது. இரவில் காரில் அடிபடுகிறது. வருகிற வழியிலேயே சாலையோரம் மூன்று பார்த்தோம், அந்தக் கறி யாருக்கும் உதவாது. யார் எதை எத்தனை அடிக்கலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு உண்டு. அடித்ததை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும். உள்ளூர்க்காரருக்கு உரிமம் 24 டாலர்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "என்னமோ போ" என்றாள். அப்புறம் அவளே, "நம்ம அம்மா உப்புக்கண்டம் போட்டது நெனப்பிருக்கா?" என்று கேட்டாள்.

நினைப்பில்லாமலா? முனியையா கோயில் கிடாவெட்டு முடிந்த மறுநாள், பங்குக்கறியில் மிஞ்சியதை அம்மா நீள நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் அரைத்த மிளகாயும் தடவி, கோணி ஊசியால் சணலில் கோர்த்து, மாலை மாதிரி முற்றத்துக் கொடியில் தொங்கவிடுவாள். காக்கா விரட்ட நானும் அக்காவும் ஆளுக்கொரு குச்சியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்போம். சுக்காகக் காய்ந்ததைப் பானையில் போட்டுத் துணியால் வாயைக் கட்டிவிட்டால், மழைக்காலத்தில் கறிக்கடைப் பக்கம் போக வேண்டாம். ஒரு துண்டை அம்மியில் நச்சி எண்ணெயில் போட்டால் பழைய சோற்றுக்கு அது போதும். குழம்பில் மூன்று துண்டு போட்டு ஏழு பேர் சாப்பிட்டிருக்கிறோம். அதை ஏழ்மை என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

சாயங்காலம் இதை சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். எழுந்துபோய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். போன வருஷத்து மான் கறி, மிளகும் உப்பும் தடவி உலர்த்தியது. வாயில் போட்டு மென்றேன். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் பல்லுக்கு அது அம்மாவின் உப்புக்கண்டம்தான்.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. நாள் முழுக்கக் கறி வேலை.

கொட்டகையில் குளிர் உறைநிலைக்குச் சற்று மேலேயே நின்றதால் இரண்டு நாள் தொங்கவிட முடிந்தது. வெளியே கொடுத்து வெட்டி வாங்கினால் ஒரு மானுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். இவர்கள் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்துத் தாங்களே வெட்டுகிறார்கள். எலும்பை அறுப்பதே இல்லை. மெல்லிய கத்தியால் சதையை எலும்பிலிருந்து உரித்து எடுக்கிறார் சம்பந்தி. அந்த நோய் முதுகுத்தண்டிலும் மூளையிலும் அதிகம் இருக்குமாம், அதைக் கத்தியால் தொடவே கூடாது என்பது கணக்கு. முதுகை ஒட்டிய நீளச்சதை தனி. தொடைக்கறி தனி. ஓரத்து நறுக்குகள் எல்லாம் அரவைக்கு. எலும்பில்லாமல் சுத்தக் கறியாகத் தராசில் 19 கிலோ நின்றது. கடையில் அரைத்த மாட்டுக்கறி பவுண்டு 5 டாலருக்கு மேல் விற்கிறபோது, இந்த 19 கிலோ ஒரு வீட்டுக்கு என்ன என்று போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு மான் போதும், மூன்றாவதை அடிப்பதில்லை என்றார் சம்பந்தி. கூடுதலாகக் கிடைக்கிற வருஷம், ஏழைகளுக்கு உணவு கொடுக்கிற இடத்துக்குப் போகும். மாநிலத்தில் 2000இலிருந்து அதற்கென்று ஏற்பாடே இருக்கிறது.

எனக்குக் கொடுத்த வேலை சவ்வெடுப்பது. வெள்ளிக் காகிதம் மாதிரி சதைமேல் படிந்திருக்கும். கத்தியை உள்ளே செருகி, மேல்நோக்கிச் சற்றே சாய்த்து இழுத்தால் ஒரே பட்டையாக வரும். அம்மா ஆட்டுக்கறியில் செய்த அதே வேலை. சம்பந்தியம்மா என் கையைப் பார்த்துவிட்டு வேறொரு கத்தியை எடுத்துக் கொடுத்தார், வீட்டிலேயே கூரானது.

மான் கொழுப்பு சாப்பிட நன்றாயிருக்காது, ஆறினால் மெழுகாய் நாக்கில் ஒட்டும். அதை ஒரு வெங்காய வலைப்பையில் போட்டு ஆப்பிள் மரத்தில் கட்டினார்கள். அரை மணிக்குள் கருப்புத் தொப்பி வைத்த மாதிரி சின்னச் சின்னக் குருவிகள் வந்து தொங்கிக்கொண்டு கொத்தின. தோலைக் கொடுத்தால் ஒரு ஜோடி கையுறை தருகிற இடம் இருக்கிறது. வால் மயிர், தூண்டிலில் பூச்சி மாதிரி கட்டுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

ஈரலைக்கூட யாரும் தொடவில்லை. எல்லாப் பொட்டலத்திலும் தேதியும் சீட்டு எண்ணும் எழுதி உறைபெட்டியில் ஒரு பக்கமாக அடுக்கி, குறுக்கே ஒரு சிவப்பு நாடா. முடிவு வரப் பத்து நாளோ இரண்டு வாரமோ ஆகும். நோய் என்று வந்தால்? "அத்தனையும் குப்பைக்கு" என்றார் சம்பந்தியம்மா. ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கிப்போடாத அவர் அதைச் சொன்னபோது, எவ்வளவு கனமாகச் சொன்னார் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது.

நவம்பர் 27, புதன்

இன்றைக்கு லெஃப்ஸா. இந்த வட்டாரத்தில், முக்கியமாகப் பக்கத்து வெஸ்ட்பியில், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நிறைய. சம்பந்தியம்மாவும் அந்த வழிதான். தேங்க்ஸ்கிவிங்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் இது இல்லாமல் நடக்காது. உருளைக்கிழங்குச் சப்பாத்தி என்று சொன்னால் நமக்குப் புரியும்.

வேகவைத்த கிழங்கை மசிக்க அவர் எடுத்த கருவியைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நம் இடியாப்ப அச்சேதான்! கிழங்கு புழுப்புழுவாக இறங்கியது. வெண்ணெயும் கிரீமும் சேர்த்து ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்திருந்து, காலையில் மாவு சேர்த்துப் பிசைந்தார். துணி போர்த்திய வட்டப் பலகையில், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய குழவியால் தேய்க்க வேண்டும். பலகையின் எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லிசாக. பிறகு ஒரு நீளமான தட்டைக் குச்சியை நடுவில் செருகித் தூக்கி, பெரிய வட்டக் கல்லில் சுருளைப் பிரிப்பது போல விரிப்பது. நான் தேய்க்க, அவர் போட்டெடுக்க, 42 வந்தது. சுட்டதைத் துணிக்குள் மடித்து மடித்து வைத்தார், நாம் சப்பாத்தியை வைக்கிற மாதிரியே. கிழங்கு தோட்டத்தில் விளைந்தது, நிலவறையில் கிடந்தது. காசு போட்டு வாங்கியது கிரீமும் மாவும்தான்.

நிலவறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரமணலுக்குள் கேரட். அலமாரியில் தக்காளி, பீன்ஸ், ஆப்பிள் கூழ். ஆப்பிள் மட்டும் கேஸ் மில்ஸ் என்ற ஊரின் தோப்புகளில் வாங்கியது, அடிபட்டு விலை குறைந்ததாகப் பார்த்து. கொட்டகைக்குப் பின்னால் விறகு, எல்லாம் செத்துப்போன ஆஷ் மரங்கள். பச்சை நிறத்தில் ஒரு வண்டு வந்து அந்த மர இனத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது, இந்த மாநிலத்தில் 2008இலிருந்து. "மரம் போனது போனதுதான். அதுக்காக அதை மக்க விடலாமா?" என்று சம்பந்தி வெட்டி அடுக்கியிருக்கிறார். வண்டு பரவாமலிருக்க விறகை வெளியூருக்குக் கொடுப்பதில்லை.

நவம்பர் 28, வியாழன்

தேங்க்ஸ்கிவிங். பதினான்கு பேர். வான்கோழி, பூசணி, லெஃப்ஸா, வெள்ளிக்கிழமை ஜாடிக் கறியில் நான் மிளகும் சீரகமும் போட்டுச் செய்த வறுவல். ஜாடிக்குள்ளேயே வெந்து பஞ்சாக இருந்ததால் மசாலாவில் பத்து நிமிடம் புரட்டினாலே போதும். சம்பந்தியின் தம்பி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கைகோத்துக்கொண்டபோது, சம்பந்தி நன்றி சொன்ன வரிசையில் அந்தப் பெண்மானும் இருந்தது.

நவம்பர் 30, சனி

கிளம்புகிறோம். பருவம் முடிய இன்னும் ஒருநாள் இருக்கிறது. சம்பந்தி விடியலிலேயே காட்டுக்குப் போய்விட்டார், நேற்று ராத்திரியே விடைபெற்றுக்கொண்டேன்.

காரில் ஏறும்போது சம்பந்தியம்மா ஒரு பழைய துண்டில் சுற்றி இரண்டு ஜாடி கறியும் ஒரு ஜாடி ஆப்பிள் கூழும் மடியில் வைத்தார். "துண்டை வெச்சுக்கோங்க சம்பந்தி, ஜாடி மட்டும் திரும்பி வரணும்" என்றார். சிரிக்கவில்லை. மெய்யாகவே கேட்டார்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மாடிசனில் இறங்கியதும் முதல் வேலையாக எலுமிச்சை வாங்கியாயிற்று. கல்லுப்பு மகளிடம் இருக்கிறது. காய வைக்கத்தான் வெயில் இல்லை, அவள் வீட்டு ஜன்னலோரச் சூடு எவ்வளவு தாங்கும் என்று நாளை பார்க்க வேண்டும்.